‘சின்ன மாற்றம்தானே’ என்று ஏற்றிய பிறகு வரும் கோளாறுகள்: அறிகுறியைப் பார்த்துப் பிழை தேடும் வழி

குன்னூரில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து, சிறு விவசாயிகளிடம் பச்சைத்தேயிலை வாங்கும் தொழிற்சாலைகளுக்குக் கொள்முதல் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கிறோம். இலை எடையைப் பதிவது, கழிவு கழிப்பது, மாதம் முடிந்ததும் விலை போட்டுப் பட்டியல் அடிப்பது, விவசாயிக்குக் குறுஞ்செய்தி அனுப்புவது. இவ்வளவுதான் வேலை. பெரிய மாற்றங்கள் எங்களை அதிகம் படுத்தியதில்லை. அவற்றுக்கு இரண்டு வாரம் சோதனை நடக்கும், மூன்று பேரும் உட்கார்ந்து பார்ப்போம். படுத்தியதெல்லாம் ஒரு வரி, இரண்டு வரி மாற்றங்கள்தான்.

அப்படி வந்த கோளாறுகளை, தொலைபேசியில் எங்களிடம் சொல்லப்பட்ட வார்த்தைகளிலேயே தலைப்பாக்கியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் வரும், கையைக் கடிக்கும் காரணம் கடைசியில் வரும். அந்த வரிசையிலேயே பாருங்கள். கடைசிக் காரணத்தில் ஆரம்பித்து ஒரு நாள் முழுக்க வீணாக்கியவர்களை எனக்குத் தெரியும்.

எதற்கும் முன்னால்: எடையோ பணமோ தவறாக வருகிறதா?

ஆம் என்றால் காரணம் தேட வேண்டாம். நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியில் ரிவெர்ட் போட்டு (கடைசி மாற்றத்தை நீக்கி), முந்தைய பதிப்பை ஏற்றிவிட்டு, பிறகு நிதானமாகத் தேடுங்கள். ‘பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவேன்’ என்று லைவ் சர்வரை (தொழிற்சாலைகள் நிஜமாகப் பயன்படுத்தும் சர்வரை) அப்படியே விட்டால், அந்தப் பத்து நிமிடத்தில் இரண்டு வண்டி இலை தவறான கணக்கில் பதிவாகிவிடும். ஒரே விதிவிலக்கு: அந்த மாற்றத்தோடு டேட்டாபேஸ் அட்டவணையின் அமைப்பும் மாறியிருந்தால் ரிவெர்ட் போடாதீர்கள். நேராகக் கடைசி அறிகுறிக்குப் போங்கள்.

இல்லை என்றால் கீழே உங்கள் அறிகுறி எதுவோ அதிலிருந்து தொடங்குங்கள்.

அறிகுறி: "புதுசா ஏத்தினேன்னு சொன்னீங்க, இங்க பழசுதான் இருக்கு"

முதலில் பிரவுசர் கேஷ், அதாவது பிரவுசர் சேமித்து வைத்திருக்கும் பழைய கோப்புகள். தொழிற்சாலை எழுத்தரை கண்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்தச் சொல்லுங்கள். புதியது வந்துவிட்டால் பிழை உங்கள் பக்கம்தான்: மாறிய கோப்புக்குப் பழைய பெயரே இருக்கிறது. ஒவ்வொரு வெளியீட்டிலும் கோப்புப் பெயர் மாறும்படி பில்டை (வெளியீட்டுக் கோப்புகளை உருவாக்கும் படியை) திருத்துங்கள். முப்பது பேருக்குப் போன் போட்டு மூன்று பொத்தானை அழுத்தச் சொல்ல முடியாது.

வரவில்லையா? பிராஞ்ச் (மாற்றத்தை எழுதிய தனிக் கிளை) முதன்மை நிரலோடு மெர்ஜ் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ரிவ்யூவில் (மாற்றத்தை இன்னொருவர் சரிபார்ப்பதில்) ‘சரி’ வாங்கியதோடு வேலை முடிந்ததாக நினைத்து மெர்ஜ் பொத்தானை அழுத்தாமல் விடுவது அடிக்கடி நடக்கிறது.

அதுவும் சரியா? இரண்டு சர்வர் இருந்தால் இரண்டிலும் ஏறியதா என்று தனித்தனியாகப் பாருங்கள். இதை அலட்சியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவில் நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம், 8 சர்வரில் ஒன்றில் மட்டும் புதிய நிரலை ஏற்றாமல் விட்டது. சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலர் அளவுக்கு இழப்பு.

நாங்கள் திரையின் கீழ் மூலையில் சின்னதாகப் பதிப்பு எண் போட்டுவிட்டோம். போன் வந்தால் முதல் கேள்வியே "கீழே என்ன நம்பர் தெரியுது?" என்பதுதான். அன்றிலிருந்து இந்த அறிகுறிக்காகச் செலவாகும் நேரம் ஒரு நிமிடத்துக்குள் வந்துவிட்டது.

அறிகுறி: "என் லேப்டாப்பில் ஓடுகிறது, சர்வரில் ஓடவில்லை"

இது பெரும்பாலும் மூன்றில் ஒன்று. கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறியிருக்கும். விண்டோஸ் அதைக் கண்டுகொள்ளாது, லினக்ஸ் கண்டுகொள்ளும். அல்லது உங்கள் கணினியின் சூழல் கோப்பில் (அந்தந்தக் கணினிக்கான அமைப்புகள் இருக்கும் கோப்பில்) சேர்த்த ஒரு புதிய வரி சர்வரில் இருக்காது. அல்லது நூலகத்தின் (பிறர் எழுதி நாம் பயன்படுத்தும் நிரல் தொகுப்பின்) பதிப்பு வேறாக இருக்கும். நோட் (சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டும் மென்பொருள்) திட்டம் என்றால் சர்வரில் ‘என்பிஎம் இன்ஸ்டால்’ போடாமல் ‘என்பிஎம் சிஐ’ போடுங்கள், லாக் கோப்பில் (நூலகப் பதிப்புகளைக் குறித்து வைத்த கோப்பில்) உள்ள பதிப்பே வரும். மூன்றும் இல்லை என்றால் பிழைப் பதிவை முதல் வரியிலிருந்து படியுங்கள். கடைசி வரியை மட்டும் படித்துவிட்டுத் தேடுவதுதான் நேரத்தைத் தின்கிறது.

அறிகுறி: "அக்கா, பாஸ்புக்ல பேர் இருக்கு, திரையில தேடினா வரலைங்க"

கோத்தகிரிப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து வந்த போன் இது. தேடும் பெட்டியில் நாங்கள் ஒரே ஒரு வரி மாற்றியிருந்தோம். ராமன் வருகிறார், மணி வருகிறார். போஜன் வரவில்லை, ஜோகி வரவில்லை, கோபால் வரவில்லை. எழுத்தர் எத்தனை முறை தட்டினாலும் அதே கதை. வராத பெயர்களை எல்லாம் ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்த பிறகுதான் கண்ணில் பட்டது: எல்லாவற்றிலும் ஓகாரம்.

தமிழில் ‘கோ’ என்பதைக் கணினி இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க-வோடு ஓகாரக் குறியை ஒரே குறியீடாக வைக்கலாம். இல்லையென்றால் முன்னால் வரும் கொம்பையும் பின்னால் வரும் காலையும் தனித்தனியாக வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றேதான். ஒப்பிடும் நிரலுக்கு வேறு வேறு. பெயரை முதலில் ஏற்றிய பழைய விசைப்பலகை ஒரு விதமாகவும், இப்போது தேடுபவரின் கைப்பேசி இன்னொரு விதமாகவும் தரும்.

பார்க்கும் வரிசை:

பெயருக்கு முன்னும் பின்னும் இடைவெளி இருக்கிறதா? வாட்ஸ்அப்பிலிருந்து வெட்டி ஒட்டிய பெயர்களில் கண்ணுக்குத் தெரியாத குறியீடுகளும் வரும். இரண்டையும் நீக்கிவிட்டுத் தேடுங்கள்.

அப்புறம் பெயரின் நீளத்தை (எத்தனை குறியீடு என்று) நிரலிடம் கேளுங்கள். ‘போஜன்’ என்பதற்கு 5 என்று வந்தால் ஒன்றாகச் சேர்ந்த வடிவம். 6 என்றால் பிரிந்த வடிவம். சேமிக்கும்போதும் தேடும்போதும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது ஒன்றாகச் சேர்ந்த வடிவத்துக்கு, மாற்றிவிடுங்கள். ஏற்கெனவே உள்ள பெயர்களையும் ஒரு முறை மாற்றியாக வேண்டும். முன்னதை மட்டும் செய்துவிட்டுப் பின்னதை மறந்தால், நேற்றுவரை வந்த பெயரும் இன்று வராமல் போகும்.

ஔகாரம் இருக்கும் பெயர் மட்டும் இன்னும் வரவில்லை என்றால், யாரோ ஔகாரக் குறிக்குப் பதிலாக ‘ள’ எழுத்தைத் தட்டியிருக்கிறார்கள். அதை எந்த மாற்றமும் சரிசெய்யாது. பட்டியல் எடுத்து, கையால் திருத்த வேண்டியதுதான்.

இதற்கு வெளியாள் தேவையில்லை. ஆனால் சோதனைத் தரவில் ‘டெஸ்ட் 1’, ‘டெஸ்ட் 2’ என்று பெயர் வைப்பதை இன்றே நிறுத்துங்கள். கோபால், கௌரி, கொலக்கம்பை, சோலூர் என்று வைத்திருந்தால் எங்களுக்கு இந்தப் பிழை லைவுக்கே போயிருக்காது.

அறிகுறி: "பட்டியலில் ஒரு ரூபாய் இடிக்குது"

ஒரு ரூபாய்தானே என்று விடாதீர்கள். இலை போடும் ஒருவர் தன் கையால் கணக்குப் போட்டு, பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு தொழிற்சாலைக்கு வருகிறார் என்றால் அந்த ஒரு ரூபாய்க்குப் பின்னால் நம்பிக்கை நிற்கிறது. எழுத்தரால் அவருக்குப் பதில் சொல்ல முடியாமல் போகும் நிலையை நாம் உண்டாக்கக் கூடாது.

*எல்லாருக்கும் இல்லை, சிலருக்கு மட்டும் ஒரு ரூபாய் குறைகிறதா?* சரியாக 50 பைசாவில் முடிந்த தொகைகளா என்று பாருங்கள். பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்டில் நடந்த கணக்கைச் சர்வரில் பைத்தானுக்கு மாற்றினால் இது வரும். 842.50 என்பதை ஜாவாஸ்கிரிப்டின் ரவுண்ட் 843 ஆக்கும். பைத்தான் 842 ஆக்கும், ஏனென்றால் அது சரிபாதியாக நிற்கும்போது பக்கத்து இரட்டை எண்ணுக்குப் போகும். 843.50 என்றால் இரண்டும் 844 என்று சொல்லும். அதனால்தான் பாதிப் பேருக்குச் சரியாகவும் பாதிப் பேருக்குத் தவறாகவும் தெரிகிறது.

*பைசா அளவில் எங்கோ இடிக்கிறதா?* தசம எண்ணை ஃப்ளோட்டாக (தோராயமாகவே சேமிக்கும் எண் வகையாக) வைத்திருக்கிறீர்கள். 0.1 கிலோவை மூன்று முறை கூட்டினால் 0.30000000000000004 வரும். பணத்தை டெசிமல் வகையிலோ முழுப் பைசாக்களாகவோ வையுங்கள். எடையை கிராமில் வையுங்கள்.

*ஒரே ஒரு நாள் பதிவு மட்டும் வேறு விலையில் வந்திருக்கிறதா?* மாதக் கடைசி இரவு வண்டிகளைப் பாருங்கள். இலை குவியும் நாட்களில் கடைசி வண்டி நள்ளிரவு தாண்டியும் வரும். சர்வர் கடிகாரம் உலக நேரத்தில் இருந்தால் நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடும். 1ஆம் தேதி அதிகாலை 12.40க்குப் போட்ட எடை முந்தைய மாதக் கணக்கில் விழும். தேயிலை வாரியம் பச்சைத்தேயிலைக்கு மாதாமாதம் சராசரி விலை அறிவிக்கிறது. மாதம் மாறினால் விலையும் மாறும். தேதியைச் சர்வரிடம் கேட்காமல், இந்திய நேரத்துக்கு மாற்றிய பிறகு எடுங்கள்.

*எதுவும் பிடிபடவில்லையா?* இங்கேதான் எங்கள் வேலையையே மாற்றிய ஒரு சோதனையைச் சொல்ல வேண்டும். போன மாதத்து முழுத் தரவையும் டெஸ்ட் சர்வருக்கு நகல் எடுங்கள். கைப்பேசி எண், வங்கிக் கணக்கு எண் இரண்டையும் நகலிலேயே பொய் எண்களாக்கிவிடுங்கள்; இதில் சலுகையே கூடாது, இல்லையென்றால் சோதனைக் குறுஞ்செய்தி நிஜ விவசாயிக்குப் போய்ச் சேரும். பழைய நிரலில் பட்டியல் எடுத்து உறுப்பினர் எண் வரிசையில் அடுக்குங்கள். புதிய நிரலில் அதே பட்டியலை எடுத்து அதே வரிசையில் அடுக்குங்கள். இரண்டையும் டிஃப் போடுங்கள் (வரிக்கு வரி ஒப்பிடுங்கள்).

போடுவதற்கு முன்னால், எத்தனை வரி மாறும் என்று நீங்கள் எதிர்பார்க்கிறீர்களோ அந்த எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். தலைப்பு எழுத்தை மட்டும் மாற்றிய மாற்றம் என்றால் தொகையில் 0 வரிதான் மாற வேண்டும். 3 வரி மாறினால் அந்த 3 பேரின் கணக்கையும் கையால் போட்டுப் பாருங்கள். எண்ணை முன்கூட்டியே எழுதாவிட்டால், வந்த வித்தியாசத்துக்கு மனம் தானாகவே ஒரு சமாதானம் கண்டுபிடித்துவிடும். இதைப் பலமுறை பார்த்துவிட்டேன், ஆகவே அழுத்திச் சொல்கிறேன். மொத்த வேலையும் அரை மணி நேரம். எங்களிடம் இப்போது கணக்கைத் தொடும் எந்த மாற்றமும் இந்த அரை மணி நேரம் இல்லாமல் ஏறுவதில்லை.

*தொகை சரி, எடையே தவறா?* தராசின் முகப்பில் தெரியும் எண்ணையும் நம் திரையில் தெரியும் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேறாக இருந்தால் பிழை நம்முடையது: போர்ட் (தராசு கணினியோடு இணையும் வாயில்) எண் மாறியிருக்கும், அல்லது தசமப் புள்ளியைத் தவறான இடத்தில் வைத்திருப்போம். இரண்டும் ஒன்றாக இருந்து, படிக்கல் வைத்தால் மட்டும் தப்பாகக் காட்டினால் அது தராசுக் கோளாறு. முத்திரையிட்ட தராசை நாம் திறக்கக் கூடாது. உரிமம் பெற்ற தராசு பழுதுபார்ப்பவரைக் கூப்பிடச் சொல்லுங்கள். நிரலில் ஒரு கழித்தல் போட்டுச் சரிக்கட்டும்படி யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள்.

அறிகுறி: "குறுஞ்செய்தி வரலை" அல்லது "செய்திச் செலவு இரட்டிப்பா ஏறிருக்கு"

வரவில்லை என்றால் முதலில் செய்தியின் வாசகத்தில் கை வைத்தீர்களா என்று யோசியுங்கள். இந்தியாவில் வணிகச் செய்திகளின் வாசகத்தை டிஎல்டி தளத்தில் (தொலைபேசி நிறுவனங்கள் நடத்தும் பதிவுத் தளத்தில்) முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும். ‘ரூ.’ என்பதை ‘ரூபாய்’ என்று அழகாக்கினால்கூட, பதிந்த வாசகத்தோடு பொருந்தாமல் செய்தி தடுக்கப்படும். உங்கள் நிரலில் பிழையே காட்டாது, அனுப்பியாயிற்று என்றுதான் சொல்லும். பழைய வாசகத்துக்குத் திரும்பி, புதியதைப் பதிந்து, ஒப்புதல் வந்த பிறகு ஏற்றுங்கள்.

செலவு கூடியது என்றால் நீளம். ஆங்கிலச் செய்திக்கு 160 இடம் உண்டு, தமிழுக்கு 70தான். அதைத் தாண்டினால் 67 இடம் கொண்ட துண்டுகளாக உடையும், ஒவ்வொரு துண்டுக்கும் காசு. தமிழ் எழுத்தைக் கண்ணால் எண்ணவும் முடியாது. ‘பச்சைத்தேயிலை’ நமக்கு 7 எழுத்து, கணினிக்கு 13. டேட்டாபேஸில் பெயருக்கு 20 இடம் ஒதுக்கியவர்களும் இதே கணக்கைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: "ஒரே எடை ரெண்டு தடவை ஏறிருக்கு"

எழுத்தர் இரண்டு முறை அழுத்தினாரா என்று கேட்காதீர்கள். அழுத்தியிருப்பார். மூடுபனியும் மழையுமாக இருக்கும் நாளில், எஸ்டேட் சாலையோரக் கொள்முதல் கொட்டகையில் சிக்னல் ஒரு கோட்டில் தொங்கிக்கொண்டிருக்கும்; வண்டிக்காரர் அவசரப்படுத்துவார்; திரையில் எதுவும் நகராது. யாராக இருந்தாலும் மறுபடி அழுத்தத்தான் செய்வார்கள்.

பொத்தானை அழுத்தியதும் அது மங்க வேண்டும். இது எளிது, ஆனால் போதாது. ஒவ்வொரு பதிவுக்கும் கைப்பேசியிலேயே ஒரு தனி எண் உருவாகி, அந்த எண் டேட்டாபேஸில் ஒரு முறைக்கு மேல் ஏறக் கூடாது என்ற கட்டுப்பாடு இருக்க வேண்டும். மாற்றம் ஏற்றும் முன் சோதிக்க மலை ஏற வேண்டாம்: குரோம் டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் பகுதியில் வேகத்தைக் குறைத்துவிட்டு, பதிவு போய்க்கொண்டிருக்கும்போது ஆஃப்லைன் ஆக்கி, மறுபடி ஆன் பண்ணுங்கள். ஒரே பதிவு நின்றால் ஏற்றலாம்.

அறிகுறி: தானியங்கிச் சோதனை ஒரு நாள் பச்சை (தேறியது), ஒரு நாள் சிவப்பு (தவறியது)

மறுபடி ஓட்டிப் பச்சையானதும் ஏற்றிவிடும் பழக்கத்தை விடுங்கள். இன்றைய தேதியை வைத்து எழுதிய சோதனையா, ஒரு சோதனை விட்டுச் சென்ற தரவை இன்னொன்று பயன்படுத்துகிறதா, இந்த இரண்டையும் பாருங்கள். பெரும்பாலும் அதற்குள் முடிந்துவிடும்.

அறிகுறி: "ரிவ்யூவில் சரின்னுதானே சொன்னீங்க?"

இது நிரலில் வந்த பிழை இல்லை, பார்த்த விதத்தில் வந்த பிழை.

எளிய காரணம்: முக்கியமான இரண்டு வரி மாற்றம், இருநூறு வரி இடைவெளித் திருத்தத்துக்குள் ஒளிந்திருந்தது. கிட் டிஃபில் வெற்றிடத்தைப் புறக்கணிக்கும் தேர்வைப் போட்டுப் பாருங்கள். இனிமேல் அழகுபடுத்தும் வேலையைத் தனி மாற்றமாக அனுப்பச் சொல்லுங்கள்.

அடுத்தது: பார்த்தவர் படித்தார், ஓட்டவில்லை. நாங்கள் ஒரு விதி வைத்திருக்கிறோம். ரிவ்யூ செய்பவர் தன் கணினியில் ஓட்டி, தான் பார்த்த திரையின் படத்தைப் போட்டால்தான் ‘சரி’ செல்லும்.

இன்னும் ஆழமான காரணம் ஒன்று. 4ஆம் தேதி ஏற்றிய மாற்றம், மாதப் பட்டியல் அடிக்கும் நாளில்தான் முதன்முதலாக ஓடும். நடுவில் 25 நாளும் எல்லாம் நன்றாகத் தெரியும். பட்டியல் நாளில் உடையும்போது, நடுவில் ஏறிய வேறு பத்து மாற்றங்கள் மேல்தான் சந்தேகம் போகும். அதனால் ரிவ்யூவில் நான் கேட்கும் முதல் கேள்வி, இந்த வரி எந்தத் தேதியில் முதல் தடவை ஓடும் என்பதுதான். பதில் ‘மாதக் கடைசி’ என்றால், டெஸ்ட் சர்வரில் தேதியை நகர்த்தி அன்றே ஓட்டிப் பார்க்கச் சொல்வேன். எந்த மாற்றத்தில் உடைந்தது என்றே தெரியாத நிலை வந்துவிட்டால் கிட் பைசெக்ட் (மாற்றங்களின் பட்டியலைப் பாதி பாதியாக வெட்டித் தேடும் கட்டளை) உதவும். 100 மாற்றங்களுக்குள் ஒளிந்திருந்தாலும் ஏழு சோதனையில் காட்டிக்கொடுக்கும்.

செட்டிங் மாற்றத்துக்கு ரிவ்யூ வேண்டாம் என்று சொல்பவர்களுக்கு ஒரு தேதி: 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அன்று அனுப்பியது புதிய நிரல் அல்ல, ஓர் உள்ளடக்கக் கோப்புதான். மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. கழிவு சதவீதத்தை மாற்றும் ஒரு வரிக்கும் எங்களிடம் இப்போது இன்னொருவர் கண் வேண்டும்.

அறிகுறி: ஏற்றும்போதே பாதியில் நின்றுவிட்டது

*மின்சாரம் போய் உங்கள் இணைப்பு அறுந்ததா?* வடகிழக்குப் பருவமழையில் மரம் விழுந்து கம்பி அறுவது இங்கே புதிதல்ல. நீண்ட வேலைகளைச் சர்வரில் டிமக்ஸ் என்ற கருவிக்குள் ஓட்டுங்கள். உங்கள் கணினி அணைந்தாலும் சர்வரில் வேலை தொடரும். ஏற்றும் நேரத்தையும் காலை பத்து மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள், வண்டிகள் வர நேரம் இருக்கும்.

*‘வெற்று மதிப்பு உள்ளது’ என்று பிழை வந்ததா?* காலியாக இருக்கக் கூடாத புதிய நெடுவரிசையை அட்டவணையில், இயல்பு மதிப்பு கொடுக்காமல் சேர்த்திருக்கிறீர்கள். டெஸ்ட் அட்டவணை காலியாக இருந்ததால் அங்கே தாண்டியது. முதலில் காலியாக இருக்கலாம் என்று சேர்த்து, நிரப்பி, பிறகு கட்டுப்பாட்டைப் போடுங்கள்.

*பிழையே இல்லை, ஆனால் எல்லாரும் திரையைப் பார்த்துக் காத்திருக்கிறார்களா?* பெரிய அட்டவணையில் இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் குறிப்பட்டியல்) போட்டிருக்கிறீர்கள், எழுதும் வேலைகள் எல்லாம் பூட்டுக்குப் பின்னால் நிற்கின்றன. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் என்றால் நிறுத்திவிட்டு, பூட்டாமல் இண்டெக்ஸ் போடும் ‘கன்கரன்ட்லி’ முறையில் மறுபடி தொடங்குங்கள்.

*பாதி மாறி, பாதி மாறாமல் நிற்கிறதா?* போஸ்ட்கிரெஸில் அட்டவணை மாற்றங்களை ஒரே டிரான்சாக்ஷனுக்குள் (முழுதாக நடக்கும், இல்லையேல் எதுவுமே நடக்காத தொகுப்புக்குள்) வைத்திருந்தால் தானாகவே பழைய நிலைக்குத் திரும்பியிருக்கும். மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸில் அப்படித் திரும்பாது. இங்கே நிறுத்துங்கள். பேக்கப்பைத் திருப்பி ஏற்றி ஒரு முறையாவது பழகியிருக்கிறீர்களா? இல்லையென்றால் முதல் பழக்கம் லைவில் வேண்டாம், டேட்டாபேஸ் நிபுணரைக் கூப்பிடுங்கள். ஏற்கெனவே வங்கிக்குப் போன பணப் பட்டுவாடாக் கோப்பு இதில் அடங்கியிருந்தால், தொழிற்சாலையின் கணக்காளரையும் அதே நேரத்தில் அழையுங்கள்.

நிபுணர் வருவதற்குள் மூன்று விஷயங்களை எடுத்து வையுங்கள்: கடைசிப் பேக்கப்பின் நேரம், நீங்கள் ஓட்டிய கட்டளைகள் வரிசையாக, நின்ற இடத்தின் பிழைச் செய்தி முழுதாக. சர்வரில் வேறு எதையும் தட்டிப் பார்க்காதீர்கள். தொழிற்சாலைக்குப் போன் போட்டு, அடுத்து வரும் எடைகளை நோட்டுப் புத்தகத்தில் உறுப்பினர் எண், நேரம், எடை என்று எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு பக்கம் நிறைந்ததும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சர்வர் திரும்பியதும் அந்தப் படங்களிலிருந்துதான் பதிவேற்றப் போகிறீர்கள்.